பேசாம இருங்க

ஈஜிபுராவிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். கேட்டது கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தை தரையில் விழுந்து புரளும், கைக்கு அகப்பட்டதை எறியும். பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலத் துறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"அவ அப்படிப் பண்றப்போ திட்டாதீங்க, அடிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தனி ரூம்ல விட்டுடுங்க. யாரும் கவனிக்கலைன்னா தானா நிறுத்திடுவா."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்து சொன்னாள்: "மேடம், எங்க வீடே ஒரு ரூம்தான். அதனால அவ கத்துனா நாங்க நாலு பேரும் வெளிய போய் சந்துல நிக்கிறோம். நேத்து மழை வேற. யாருக்கு என்னாச்சுன்னு தெருவே வந்து கேக்குது."

இதை வகுப்பில் சொல்லிப் பல வருடம் சிரிக்க வைத்திருக்கிறேன். அதில் இருந்த பாடத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் நாம் சொல்வதை அப்படியே செய்துவிடுவார்கள், மழையில் நின்றாவது செய்வார்கள். என்ன சொன்னோம் என்பது நமக்குத்தான் ஞாபகம் இருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இருபது வருடம் ஆயிற்று, அதற்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு மனிதர் பட்ட பாடும் தேவைப்பட்டது.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி துறையில் கேட்டார்கள். வெற்றிக் கதைகள் உங்கள் சீனியர்களிடம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாதி சொல்லியிருக்கிறேன், அந்தப் பாதியில் எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

அவரை ஞானப்பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தொன்பது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தர ஆய்வாளர். உத்தியோகமே சரிபார்ப்பதுதான். மனைவி இறந்து மூன்று வருடம். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவருடைய அப்பா காலத்து ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் ஒயிட்ஃபீல்டில். இதே ஊர்தான், ஆனால் பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும், சாயங்கால நேரத்தில் ஒயிட்ஃபீல்டுக்குக் கிளம்புவதற்குப் பதில் சென்னைக்கு ரயில் ஏறிவிடலாம்.

அவருடைய தொல்லை வாசல் கேட்டின் பூட்டு. பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், பூட்டினோமா என்று சந்தேகம் வரும், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மறுபடி தெருமுனை, மறுபடி கேட்டு. அதற்கும் அடங்காவிட்டால், எதிரே மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த முருகேசனிடம் போய் நிற்பார். போளூர்ப் பக்கத்துக்காரர் முருகேசன், அந்த மரத்தடியில் பதினெட்டு வருடமாக நிற்பவர்.

"கேட்டைப் பூட்டினேனா முருகேசா?"

"பூட்டிட்டீங்க சார். நான் பாத்தேன்."

இந்தக் கேள்வியும் பதிலும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை. கண்புரை அறுவைக்கு இரண்டு முறை தேதி கொடுத்தும் அவரால் தெருவைத் தாண்டிப் போக முடியவில்லை. மகன்தான் அழைத்து வந்தான்.

"த்ரீ மந்த்ஸ் பாக்கறேன் மேடம். சரியாகலைன்னா ஓசூர் பக்கம் ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். என்னால தினம் ஓடி வர முடியாது."

கெட்ட பிள்ளை இல்லை, களைத்துப்போன பிள்ளை. அவனுக்கு போன் வந்து வெளியே எழுந்து போன நேரத்தில் பெரியவர் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"மேடம், எங்க அப்பா அந்த வீட்லதான் போனார், என் வைஃபும் அந்த வீட்லதான் போனா. நானும் அங்க இருந்துதான் போகணும். ஹோமுக்கு மட்டும் அனுப்ப வச்சுடாதீங்க."

அதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஃபைலில் எழுதினேன். எழுதினேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை உங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போகக் கூடாது. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் செய்யாமல் நின்றால் தானாக இறங்கும். ஏறியது இறங்கும் என்று உடம்பே கண்டுகொள்ளும் வரை நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் நாள் அவரோடு தெருமுனையில் நானும் நின்றேன். பங்குனி வெயில். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு நிமிடம் நின்றார். திரும்பிப் போகவில்லை. குழந்தை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தொழிலில் நமக்குக் கிடைக்கிற சந்தோஷம் அதுதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது முருகேசன். பூட்டினேனா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் சந்தேகம் ஐந்து நிமிடம் தூங்கும், எழுந்து மறுபடி பசி என்னும். பதில் சொல்கிறவர் நல்லவராக இருக்க இருக்க நோய் கொழுக்கும். ஆகவே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அன்று எனக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கால் ஆட்டோவிலும் ஒரு கால் தெருவிலுமாகச் சொன்னேன்.

"சார் கேட்டா பேசாம இருங்க. அப்பதான் அவருக்கு குணமாகும்."

முருகேசன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க மேடம்" என்றார். அவருக்கு நான் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

நாற்பது இருபத்தைந்தாயிற்று. ஒன்பதாயிற்று. இரண்டு. எட்டாவது வாரம் பூஜ்யம், ஒன்பதாவது வாரமும் பூஜ்யம். கண் அறுவை நடந்தது. மகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். வரைபடத்தை முதலில் பெரியவரிடம் காட்டினேன், பிறகு கேஸ் கூட்டத்தில் சுவரில் போட்டுக் காட்டினேன், மாடிப்படி மாதிரி இறங்கி வந்து தரையில் உட்கார்ந்திருந்த கோடு. அப்போதுதான் கைதட்டினார்கள். எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர் மட்டும் தட்டவில்லை.

"பூட்டு பாக்காத நேரத்துல இப்போ என்னம்மா பண்றார்?" என்று கேட்டார்.

"நார்மலா இருக்கார் சார்."

"நார்மலான்னா?"

நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். அந்தக் கூடத்தில் கோட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பத்தாவது வாரம் ஞானப்பிரகாசம் தனியாகவே வந்தார். சரியான நேரத்துக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. அதுவரை மடிப்புக் கலையாத சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. என் கண் அதைப் பார்த்தது, நான் பார்க்கவில்லை.

"மேடம், ஹோமுக்கே போயிடலாம்னு இருக்கேன். பையன்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன் சார்? இப்போதான் எல்லாம் சரியாயிடுச்சே."

"சும்மாதான். அங்க நாலு பேர் இருப்பாங்க. லெட்டர் கேக்கறாங்க, மனசு நல்லா இருக்குன்னு."

நான் எழுதினேன். தெளிவான மனநிலையில் இருக்கிறார், மாற்றத்தை ஏற்கும் பக்குவம் வந்திருக்கிறது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தப் 'பக்குவம்' என் சிகிச்சையால் வந்தது என்று உள்ளே ஒரு பெருமை வேறு. அனுப்ப வச்சுடாதீங்க என்று அவர் கெஞ்சியது அதே ஃபைலில் சில பக்கம் தள்ளி இருந்தது. நான் பக்கத்தைப் புரட்டவில்லை. முத்திரை வைக்கிற குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். "நாளைக்கு வாங்கிக்கோங்க சார்" என்று அனுப்பினேன். ஒருவர் சாப்பாட்டுக்குப் போனதால் தப்பித்த கதை இது. என் புத்தியால் இல்லை.

மறுநாள் புற நோயாளிகள் வரிசையில் முருகேசன் என்று ஒரு சீட்டு வந்தது. புது நோயாளி. கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டியபடி உள்ளே வந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் இஸ்திரி வண்டி. சீட்டு இல்லாம ஒளகே பிடல்லான்னுட்டான் செக்யூரிட்டி, உள்ளயே விடல. அதான் எம் பேர்லயே எழுதிட்டேன்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மேடம், இன்னும் எத்தனை நாள் நான் பேசாம இருக்கணும்?"

"யார்கிட்ட?"

"சார்கிட்டதான். நீங்கதான பேசாம இருன்னு சொன்னீங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது, ஒரு வார்த்த பேசல. குட்மார்னிங் சொன்னார்னா தலைய குனிஞ்சிக்கறேன். துணி குடுத்தா வாயத் தொறக்காம வாங்கிக்கறேன். அப்புறம் துணி குடுக்கறதையும் நிறுத்திட்டார். இப்ப வெளியவே வர்றதில்ல மேடம். பால் பாக்கெட்டு பத்து மணி வரைக்கும் கேட்லயே தொங்குது. எனக்குப் பயமா இருக்குது. பேசினா வியாதி திரும்பிப்புடும்னு நானும் பல்லக் கடிச்சிக்கினு இருக்கேன்."

நம் வீடுகளில் 'பேசாம' என்ற வார்த்தைக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே கிடையாது. பேசாம ஆட்டோவுல போயிடலாம் என்போம். பேசாம அந்த வேலையை விட்டுடு என்போம். கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்ற பொருளில்தான் நான் சொன்னேன். அதுவும் அந்த ஒரு கேள்விக்கு. முருகேசனும் அந்தப் பொருளில் ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரி மேடம் சொன்னால் அது மருந்துச் சீட்டு. எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டார்.

"நாப்பது தடவ கேப்பார்தான் மேடம். ஆனா கேட்டுட்டு உடனே போயிடமாட்டார். பூட்டிட்டீங்க சார்னா, அப்பிடியே வண்டி மேல கைய வச்சிக்கினு அவங்க வீட்டம்மா வெச்ச மீன் கொழம்பு பத்திச் சொல்வார். ஃபேக்டரில நடந்தது சொல்வார். எனக்கு ஒண்ணும் அது தொந்தரவு இல்ல. எனக்குத் தொந்தரவுன்னு யாருனா சொன்னாங்களா?"

ஃபைலை எடுத்தேன். முதல் வாரம் அவரை எழுதி வரச் சொன்ன நடத்தைக் குறிப்பேடு அதில் இருந்தது. பூட்டை எப்போது பார்த்தேன், அதற்கு முன்னால் என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று மூன்று கட்டம். நான் எண்ணிக்கைக்காக முதல் கட்டத்தை மட்டும் எண்ணியிருந்தேன். மூன்றாவது கட்டத்தில் தர ஆய்வாளரின் சின்னச் சின்ன எழுத்தில், பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம்: முருகேசனோடு பேசிக்கொண்டிருந்தேன். முருகேசனோடு பேசிக்கொண்டிருந்தேன். முருகேசனோடு.

வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து முடித்த பிறகு போகலாமா, இப்போதே போகலாமா என்று நான் யோசித்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தவளிடம் வரிசையைக் கொடுத்துவிட்டு முருகேசனோடு ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்தேன். தகவல் பரிமாற்றத்தில் ஒரு சிறு இடைவெளி என்கிற மாதிரி.

மணி அடித்து ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. மூன்று நாள் தாடி. என்னைத் தாண்டி, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவரைத்தான் பார்த்தார்.

"என்ன முருகேசா, என் மேல கோவம் போயிடுச்சா?"

"கோவமா?" முருகேசன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "ஐயோ சார், மேடம்தான் பேசாம இருக்கச் சொன்னாங்க. உங்க வியாதி போவணும்னு."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்களா மேடம்?"

கோத்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "ஆமா சார். தப்பு என்னுது" என்றேன்.

பிறகு அவர் சொன்னதை நான் அந்த வருடக் கேஸ் அறிக்கையில் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

"நச்சரிச்சு நச்சரிச்சு இருந்த ஒரு ஆளையும் வெறுக்க வச்சுட்டேன்னு நெனச்சேன் மேடம். அந்த வெட்கத்துலதான் கேக்கறத நிறுத்தினேன். வெளிய வந்தாதான பூட்டணும், உங்ககிட்ட வர்ற நாள் தவிர வெளிய வர்றதையே விட்டுட்டேன். நீங்க சந்தோஷமா படம் போட்டுக் காட்டினீங்க, சொல்ல வாய் வரல."

என் பூஜ்யம் அது. சிகிச்சையில் வந்த பூஜ்யம் இல்லை. ஒரு மனிதர் வாசலுக்கு வருவதை நிறுத்தியதால் வந்த பூஜ்யம்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம், இந்த முறை மூன்று பேராக, வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், எத்தனை நேரமானாலும் பேசலாம். பூட்டைப் பற்றிய கேள்வி வந்தால் மட்டும் முருகேசன், "அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது சார், டீ சொல்லட்டா?" என்பார். கேள்வி கேட்காமலே வண்டிக்கு வரலாம் என்பதைத்தான் பெரியவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு நாலு மாதம் ஆயிற்று. மகன் போனில் கத்தினான், "ஜீரோன்னு சொன்னீங்களே மேடம்" என்று. அவனுக்கும் நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு தினம் சாயங்காலம் காரில் மாட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் அப்பாவுக்கு போன் செய்ய ஆரம்பித்தான். பெங்களூர் டிராஃபிக்கால் நடந்த ஒரே நல்ல காரியம்.

பூஜ்யம் திரும்ப வரவே இல்லை. நல்ல நாளில் ஒன்று, மோசமான நாளில் நாலு. அதோடு கேஸை முடித்தேன். ஆறு வருடம் கழித்து, அவர் கேட்டபடியே அந்த வீட்டிலிருந்து போனார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது எளிது. ஒரு நடத்தையை எடுப்பதற்கு முன் அது அந்த மனிதருக்கு என்ன சம்பாதித்துக் கொடுக்கிறது என்று பாருங்கள். நாற்பது தடவை பூட்டைப் பார்ப்பது நோய்தான். ஆனால் அந்த நோயின் கைப்பிடியில்தான் அவர் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடுங்குகிறவர் வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்க வேண்டும். இன்னொன்று, கூட இருப்பவர்களிடம் என்ன செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறாதீர்கள். என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானும் படித்துத்தான் பாஸ் பண்ணினேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் முழுசாகச் சொல்கிறேன் என்றுதானே ஆரம்பித்தேன்.

நான் தனியாக இருக்கிறேன். வேலையில் இருந்தவரை அது தெரியவில்லை, நாள் முழுக்க யாராவது என் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது சில நாட்களில் டெலிவரி கொண்டு வருகிறவரிடம் நான்கு இலக்க ஓடிபி சொல்கிறேன், அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த பேச்சு அந்த நான்கு எண்கள்தான். நாலு, ஒன்பது, ஒன்பது, இரண்டு. கதவைச் சாத்திக்கொள்கிறேன். சாயங்காலம் தொண்டையைச் செருமினால் அந்நியர் குரல் மாதிரி இருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்வதில் எனக்கென்ன கூச்சம்.

துறைக்கு நான் போன் செய்வது அதிகமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். தொழில் பழக்கம், எண்ணி வைத்திருக்கிறேன். போன வாரம் ஏழு. பழைய நீல அட்டை ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்டேன், குழந்தைகள் பிரிவுக்கு இப்போது யார் இன்சார்ஜ் என்று கேட்டேன், மறுபடி ரிஜிஸ்டர். முதலில் இரண்டு ரிங்கில் எடுத்தீர்கள். இப்போது எடுப்பதில்லை. உங்களில் கெட்டிக்காரர் ஒருவர், மேடம் கூப்பிட்டா பேசாம விட்டுடுங்க, தானா நின்னுடும் என்று சொல்லியிருப்பார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்ததுதான். எடுக்காமல் இருந்தால் ஒரு வாரம் கூடும், பிறகு குறையும், பிறகு நின்றுவிடும். நின்றுவிடும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிவதால்தான் எழுதுகிறேன்.

ரிஜிஸ்டர் இரண்டாவது பீரோவில் கீழ்த் தட்டில் இருக்கிறது. வைத்தது நான்தான். அடுத்த முறை அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். போனை எடுத்து வேறு ஏதாவது பேசுங்கள்.